கால் உடைந்த நான்கு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒருவர் வந்தார். பழைய மோட்டார் சைக்கிள்களைச் சேர்ப்பவராம். கடையில் இருந்த ஒவ்வொரு வண்டியிலும் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். நானும் துணியும் கையுமாகப் பின்னாலேயே நடந்தேன். கடைசியில், "எனக்கு இடுப்பு வலிங்க, வண்டியே ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரம்!

அண்ணன் வாசல்வரை போய் வழியனுப்பினான். பேச்சு அவனுடையது, ரிப்பேர் என்னுடையது. பதினொரு வருஷமாக இப்படித்தான்.

மார்ச் 8

ஓடிவிட்டது. 1939ஆம் வருஷத்து ஒற்றை சிலிண்டர் வண்டி. கார்பரேட்டரை நான்காவது முறையாகப் பிரித்துக் கழுவி மாட்டியதும் ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. நான்கு மாத வேலை. அண்ணன் எட்டிப் பார்த்து, "அடுத்த சனிக்கிழமை பல் டாக்டர் இத வாங்கப் பாக்க வர்றார், சைலன்சர இன்னும் கொஞ்சம் பளபளன்னு தேச்சுடு" என்றான். அவ்வளவுதான். ஒரு 'சபாஷ்' சொன்னால் வாய் வலிக்குமா?

மார்ச் 11

எழுதக் கை வரவில்லை.

பல் டாக்டருக்கு ஒரே நிபந்தனை: எஞ்சின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஜோடியாக இருக்க வேண்டும். எஞ்சின் மாறியிருந்தால் தொடக்கூட மாட்டார். இன்று பெட்ரோல் ஊற்றி எஞ்சினின் அடிப்பக்கத்தைத் துடைத்தேன். நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அதிலிருந்த நான்கு என்ற இலக்கத்துக்குக் கீழ்க்கால் இல்லை.

நம் கடையில் நம்பர் அடிக்கும் பஞ்ச் பெட்டியில் இருக்கிற நான்கும் அப்படித்தான். போன வருஷம் நானே சிமென்ட் தரையில் போட்டு உடைத்தது.

"அண்ணா, இது நம்ம பஞ்ச்தானே?"

"ஆமா."

"எப்போ அடிச்ச?"

"நீ காய்ச்சல்ல படுத்திருந்தப்போ. அதே வருஷம், அதே கம்பெனி எஞ்சின்தானே? நம்பர் மட்டும்தான் வேறயா இருந்துச்சு, அத மாத்திட்டேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"அப்போ உள்ளதச் சொல்லியே வித்துடு."

"சொன்னா வாங்க மாட்டார்டி! அவர் வாங்கினாதான் அவரைச் சுத்தி இருக்கிறவங்களும் நம்மகிட்ட வருவாங்க. உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?"

எனக்குப் புரியாதாம். ஒவ்வொரு போல்ட்டா தேடித் தேடிப் போட்டவ நான். பத்து நிமிஷம் சுத்தியலத் தூக்கி எல்லாத்தையும் பொய்யாக்கினவன் அவன். எனக்குத்தான் புரியாது!

மார்ச் 12

கணக்கு நோட்டு வேண்டுமென்றால்கூட அண்ணன் விரலால்தான் காட்டுகிறான்.

மார்ச் 15, சனி

டாக்டர் வந்தார். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தச் சின்னக் கண்ணாடியையே எஞ்சினுக்கு அடியில் நீட்டிப் பார்த்தார். கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்டால் என் வேலை மிச்சம்.

"அருமை. கம்பெனியிலேருந்து வந்தபடி அப்படியே இருக்கு" என்றார்.

அண்ணன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் உள்ளே போய் அந்த உடைந்த நான்கின் பஞ்ச்சை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். "அந்த நாலை இன்னொரு தடவை பாருங்க, டாக்டர். அடிச்சது நாங்கதான்."

அவர் பஞ்ச்சையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்போ போன வருஷம் உங்ககிட்ட வாங்கின ரெண்டு வண்டி?" என்றார்.

"அதுல கை வைக்கல டாக்டர், சத்தியமா" என்றான் அண்ணன்.

யாரும் நம்பவில்லை. நானும்தான்.

மார்ச் 16

அண்ணி போன். "உங்க அண்ணன் நேத்துலேருந்து சாப்பிடல. உனக்கு இப்போ திருப்திதானே?" தப்பு செய்தவன் அவன், பட்டினிக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். நல்ல நியாயம்!

மார்ச் 19

டாக்டர் வீட்டுக்கு நானே போனேன். இரண்டு வண்டியையும் படுத்துக்கொண்டு பார்த்தேன். பழைய பதிவுத்தாளோடு நம்பர்களை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். இரண்டிலும் யாரும் கை வைக்கவில்லை.

டாக்டர் தலையை ஆட்டினார். "ஆனா இனிமே உங்க கடைக்கு வர எனக்கு மனசு வராதும்மா" என்றார்.

தெருவில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன். "ரெண்டும் சரியா இருக்கு."

"நான்தான் சொன்னேனே" என்றான்.

"சொன்ன. நான்தான் நம்பலண்ணா."

ஏப்ரல் 2

வண்டி இன்னும் விற்கவில்லை. விளம்பரத்தை அண்ணனே மாற்றி எழுதியிருக்கிறான்: 'எஞ்சின் இந்த வண்டியுடையது அல்ல. அதன் மேலுள்ள நம்பர் பிற்பாடு அடித்தது.'

அதோடு விட்டால் பரவாயில்லை. போன் செய்கிறவர்கள் எல்லோரிடமும் முழுவதையும் ஒப்பிக்கிறான். "அடிச்சது யாருன்னா... நான்தாங்க. ஆமாங்க, நானேதான்." காலையிலிருந்து ஐந்து பேர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். கொஞ்சம் சுருக்கிச் சொல்லித் தொலைக்கக்கூடாதா இந்த மனுஷன்?

இதோ, ஆறாவது போன். எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். சத்தம் அவனுக்கு இடைஞ்சலாக இருக்கப்போகிறது என்று நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.