காணாமல் போன பதினொரு பேர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெரிதாக்கி அனுப்பிய அண்ணியின் படம் கண்ணாடி உடையாமல் வந்து சேர்ந்தது. இன்னும் மாட்டவில்லை. சுத்தியலை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

அண்ணி சாப்பிட்ட சிறுநீரக மருந்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை மருத்துவ இதழ் நேற்று திரும்பப் பெற்றுவிட்டது. அச்சேறுமுன் அதைப் படித்துப் பார்த்து, போடலாம் என்று ஒப்புதல் தந்த இரண்டு டாக்டர்களில் நானும் ஒருத்தி. அப்படிப் படிப்பவர்களின் பெயரை வெளியிட மாட்டார்கள். நானாகச் சொன்னால்தான் உண்டு.

ஆய்வில் மருந்து சாப்பிட்ட அறுபத்திரண்டு பேரில் பதினொரு பேர் கடைசி அட்டவணையில் இல்லை. எங்கே போனார்கள் என்று கேட்டேன். வெளியூருக்குக் குடிபோய்விட்டார்கள் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எனக்கு உறுத்தியது. மூல ஆவணங்களைக் கேட்பதற்குள் இதழின் ஆசிரியர் போனில் வந்துவிட்டார். "ஆய்வு செஞ்சவர் எவ்வளவு பெரிய ஆளு, தெரியும்ல? இதுக்குப் போய் இழுத்தடிக்காதீங்க டாக்டர்" என்றார். வெளியே நோயாளிகளின் வரிசை மாடிப்படி வரை நின்றது. ஒப்புதல் கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அந்தப் பதினொரு பேரும் இறந்துவிட்டவர்கள். நோயாளிகளின் சம்மதக் கையெழுத்துகளும் போலியாம்.

போன வருஷம் அண்ணி பயந்தபோது, "கண்ணை மூடிக்கிட்டு சாப்பிடுங்க அண்ணி, நான் படிச்ச ஆய்வுதான்" என்றேன். ஏழே வாரத்தில் போய்விட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் என் தலையைத் தடவி, "நீ என்னம்மா பண்ணுவே, நம்ம தலையெழுத்து" என்றீர்கள். பதினொரு பேர் ஞாபகம் அப்போதே வந்துவிட்டது அண்ணா. வாயைத் திறக்கவில்லை.

நான்கு மாதம் கழித்துத்தான், அண்ணியின் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து இதழுக்கு எழுதினேன். அதன்பிறகே விசாரித்தார்கள். இனி யாரைத் திரும்பப் பெற முடியும்?

டாக்டருக்குப் படிக்க இங்கே வந்து என்னோடு தங்கப் போவதாக உங்கள் மகள் எழுதியிருக்கிறாள். அத்தை மாதிரி ஆக வேண்டுமாம். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததை மட்டும் அவளிடம் நானே சொல்ல விடுங்கள்.

திட்டியாவது நாலு வரி எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். தலைசுற்றலுக்குப் புதிதாக ஏதோ மாத்திரை எழுதித் தந்திருப்பதாகவும், போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்காதீர்கள் அண்ணா. தயவுசெய்து வேறு யாரையாவது கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கை