மூன்று நுகத்தடியும் ஒரு கழுத்தும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் நான்கு வண்டிகளுக்குச் சக்கரக் கோணம் சரி செய்தேன். நான்கும் இதற்கு முன் வேறு கடையில் "சரி" செய்யப்பட்டவை.

மத்தியானம் பந்தயச் சங்கத்திலிருந்து கடிதம். இந்தப் பருவம் முதல் கார் ஓட்டுகிற எல்லோரும் தலை-கழுத்துக் காப்பு போட வேண்டுமாம். தோள்மேல் உட்காரும் ஒரு வளைவு. அதிலிருந்து இரண்டு வார் போய் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்ளும். மோதும்போது பெல்ட் உடம்பை நிறுத்திவிடும், தலையை யார் நிறுத்துவது, அதற்காக. படத்தைப் பார்த்தேன். மாட்டுக்குப் பூட்டுகிற நுகத்தடியேதான்.

கீழே கையெழுத்து: வாகனப் பரிசோதகர். அதாவது என் தம்பி. "அன்புள்ள போட்டியாளரே" என்று ஆரம்பித்திருக்கிறான். அக்கா என்று எழுதினால் பேனா உடைந்துவிடும் போலிருக்கிறது.

இருபத்தெட்டு வருஷமாக இந்த வட்டப் பாதையில் ஓட்டுகிறேன். என் தலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மார்ச் 4

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை இன்றுதான் படித்தேன். பல் டாக்டருக்கு முதல் இரண்டு பந்தயம் தடை உறுதி. நல்ல செய்தியைப் பின்பக்கம் போடுவதுதான் இவர்கள் வழக்கம்.

அக்டோபரில் மூன்றாவது வளைவில் என் இடது கதவில் வந்து இடித்த ஆள். புகாரில் நான் எழுதியது எனக்கு மனப்பாடம்: "வளைவில் திரும்பும் முன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை." அவரோ, "நான் அங்கதான் இருந்தேன், அங்கதான் இருந்தேன்" என்று ஐந்து மாதமாக ஒரே பாட்டு. பல்லைப் பிடுங்குகிறவர் பொய்யையும் வேரோடு பிடுங்கிப் போட வேண்டியதுதானே.

மார்ச் 7, சனி

கடைக்குப் போனேன். விற்பனையாளர், "பையனுக்கா மேடம்?" என்றார்.

"என் பையன் பஸ்ஸில போறான். எனக்கு."

அதற்குப் பிறகு அவர் காது கேட்காதவளிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினார். கழுத்துச் சுற்றளவு எடுத்தார். "உங்க சீட் எவ்வளவு சாய்ஞ்சிருக்கும்னு தோராயமா தெரியுமா? அதுக்கேத்த மாதிரி இருபது டிகிரி, முப்பது டிகிரின்னு வரும்." என்னிடம் தோராயம். கால் டிகிரிக்காக வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுகிறவள் நான். "இருபத்தொண்ணே முக்கால். இருபதுல குடுங்க" என்றேன்.

கடைசியில் ஒரு பஞ்சு வளையத்தை எடுத்து நீட்டினார். "வயசானவங்களுக்கு இது சௌகரியமா இருக்கும்." விதியில் அது செல்லாது. பஸ்ஸில் தூங்கும்போது போட்டுக்கொள்ள என் பையனுக்கு வேண்டுமானால் வாங்கலாம்.

மூன்று மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சம்மதித்தார். வேண்டாதவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

விளம்பரத்தை நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. காரை ஷெட்டில் நிறுத்தி, இடது சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் ஒரு வண்டி மூக்கை நுழைத்தால் அது தெரிய வேண்டிய இடம் அது. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து தலையைத் திருப்பினால் கோடு தெரிய வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

முதலாவது கார்பன். இறகு மாதிரி இருக்கிறது, தோளிலும் பாந்தமாக உட்காருகிறது. ஆனால் கோட்டுக்கு இரண்டு சாண் முன்னாலேயே தலை நின்றுவிட்டது. தோல்வி.

மார்ச் 10

இரண்டாவது பிளாஸ்டிக். காறையெலும்பில் கடிக்கிறது. கோட்டுக்கு இரண்டு சாண் முன்னால் நின்றது. தோல்வி.

மார்ச் 12

மூன்றாவது மார்பைச் சுற்றிக் கட்டுகிற வகை. போட்டு முடிக்கப் பதினோரு நிமிஷம். கண்ணாடியில் பார்த்தேன், முகவரி ஒட்டி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இரண்டு சாண். தோல்வி.

மூன்று கம்பெனிக்காரர்களும் கூடிப் பேசிவைத்த மாதிரி ஒரே இடத்தில் நிறுத்துகிறார்கள். இதை யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன்.

மார்ச் 14

தம்பிக்கு ஃபோன் செய்தேன். அக்டோபரில் என் புகாரில் தலையிட மாட்டேன் என்று அவன் ஒதுங்கிக்கொண்ட பிறகு நானாகப் பேசுவது இதுதான் முதல் தடவை. பாதுகாப்பு என்ற பேரில் எல்லோரையும் பாதிக் குருடாக்கியிருக்கிறாய் என்றேன்.

"மத்தவங்க எல்லாம் திரும்புறாங்களேக்கா."

"அவங்க எல்லாம் உனக்குப் பயந்துகிட்டுத் திரும்புறாங்க."

"நான் ஒரு நடை வந்து பாக்கட்டுமா?"

"அன்புள்ள போட்டியாளர்கள் எல்லார் வீட்டுக்கும் போறியா?"

வைத்துவிட்டேன். எழுத்தில் ஒரு கண்டனம் அனுப்ப வேண்டும். நாலு பக்கமாவது வரும்.

மார்ச் 16, திங்கள்

ரொட்டிக் கடை வேன்காரர் வந்தார். "மூணாவது தடவையா டயர் மாத்திட்டேன்மா. இன்னும் இடது பக்கமே இழுக்குது. டயர் கம்பெனிக்காரன் பூரா திருடன்."

"மூணு டயரும் ஒரே மாதிரி இழுத்தா டயரைத் திட்டி என்ன புண்ணியம்? கோளாறு வண்டியில இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தில் கருவியை மாட்டக் குனிந்தேன்.

குனிந்தவள் அப்படியே இருந்துவிட்டேன்.

"என்னம்மா, பெரிய கோளாறா?"

"உங்களுது இல்ல."

மார்ச் 17

கழுத்தில் எதுவும் மாட்டாமல் காரில் உட்கார்ந்தேன். நுகத்தடி இல்லை, ஹெல்மெட் இல்லை.

இரண்டு சாண்.

வலது பக்கம் நன்றாகத் திரும்புகிறது. அதை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 19

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது. "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்றார். தெரிந்தால் சொல்ல மாட்டேனா? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? "ரெண்டு மூணு வருஷமாவது ஆகியிருக்கும்."

இரண்டு மூன்று வருஷம். அப்படியானால் அக்டோபரும் அதில் சேர்த்தி.

திரும்பினேன். சத்தியமாகத் திரும்பினேன். யாரும் இல்லை. என் கார்க் கதவின் கம்பிதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் — சே. அப்படி எழுத்தால் அடித்துச் சொன்னேனே. கையெழுத்து வேற போட்டுக் குடுத்தேனே.

மார்ச் 21, சனி

கணக்குப் பார்த்தால் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. விதி நுகத்தடியைத்தான் கேட்கிறது, கழுத்தைக் கேட்கவில்லை. தம்பி லேபிளைப் பார்ப்பான், ஸ்டிக்கர் ஒட்டுவான், ஏப்ரல் 19 அன்று நான் வரிசையில் நிற்பேன். பல் டாக்டர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

அவரை எனக்குப் பிடிக்காது. சிரிக்கும்போது முப்பத்திரண்டையும் காட்டுகிறவர். தொழில் விளம்பரம். ஓட்டுவதிலும் அடக்கம் கிடையாது.

ஆனால் அங்கே இருந்திருக்கிறார்.

மார்ச் 22

எழுதினேன். கிழித்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

நாலு பக்கம் வரும் என்று நினைத்த கடிதம் ஐந்து வரியில் முடிந்தது. புகாரைத் திரும்பப் பெறுகிறேன், காரணம் இது, டாக்டர் அறிக்கை இணைப்பு. சங்க அலுவலகத்தில் தம்பி மேஜையில் நானே கொண்டுபோய் வைத்தேன்.

இரண்டு தடவை படித்தான். "அக்கா, இதை வாங்கிக்கிட்டா உன்னை வட்டப் பாதையில விட முடியாது."

"விடச் சொல்லி எங்கேயாவது எழுதியிருக்கேனா? திருப்பிப் பாரு. பின்பக்கமும் பாரு."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்கு எரிச்சல் வந்தது. "என்ன, இழவு வீடா இது?"

"மலைப்பாதைப் போட்டி இருக்குக்கா. ஒவ்வொரு வண்டியாத்தான் விடுவாங்க. பக்கத்துல ஒருத்தரும் வர மாட்டாங்க. டாக்டர் சரின்னா நான் ஒத்துக்குவேன்."

"கடிகாரத்தோட சண்டை போடச் சொல்றியா?"

"நீ எது கூடயாவது போட்டுத்தானே ஆகணும்."

மலைப்பாதைப் போட்டி விண்ணப்பம் ஒன்றை அவன் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

மார்ச் 28, சனி

பல் டாக்டர் கடைக்கு வந்தார். நேராக வண்டியை உள்ளே ஏற்றிவிட்டார், அனுமதி எதுவும் கேட்காமல். சொன்னேனே, அடக்கம் கிடையாது.

"லெட்டர் பார்த்தேம்மா. தடையை எடுத்துட்டாங்க."

"உங்க முன்சக்கரம் ரெண்டும் உள்பக்கமா தேயுது. எவன் பண்ணிக் குடுத்தான் இதை?"

ஒரு மணி நேரம் வேலை. அவர் பக்கத்திலேயே நின்றார். முடித்து எழுந்தபோது, "ஆறு மாசம் என்னைப் பொய்யன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை?" என்றார்.

"அலைன்மென்ட் பண்ணியிருக்கேன்ல."

கிளம்பும்போது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினார். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அப்போதும் முப்பத்திரண்டு.

ஏப்ரல் 2

பிளாஸ்டிக்கையும் கட்டுகிற வகையையும் திருப்பிக் கொடுத்தேன். கார்பனை வைத்துக்கொண்டேன். விற்பனையாளர், "எங்க கழுத்துக் காப்பு எல்லாமே திரும்ப விடலைன்னு ஃபோன்ல சொன்னீங்களே மேடம்?" என்றார். இது நன்றாகத் திரும்புகிறது, என்னைவிட நன்றாகவே திரும்புகிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. எல்லோருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஏப்ரல் 19, ஞாயிறு

முதல் பந்தயம். போகவில்லை. பல் டாக்டர் இரண்டாவதாம். தம்பி சொன்னான், நான் கேட்கவில்லை.

மே 17, ஞாயிறு

மலைப்பாதை. தம்பி நுகத்தடியின் வார்களைத் தானே ஹெல்மெட்டில் மாட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தான். "இறுக்கமா இருக்காக்கா?" "நீ விட்டாத்தானே தெரியும்."

பதினாலு பேரில் நான் பதினொன்று. இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு கீழே வந்ததில்லை. என்னை முந்திய பத்துப் பேரில் ஒருவரையும் நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த போட்டி ஜூன் 14. பெயர் கொடுத்துவிட்டேன்.