நண்டு போட்ட புத்தகங்கள்

ஜனவரி 3, 1994

வாள் கதையின் நாற்பத்திரண்டாம் பாகமும் முடிந்தது. பறக்கும் வாள்களின் உலகம் என்னை ஜாவாத் தீவின் மலாங் நகரத்து மாடியறை ஒன்றில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. ஆன்டெனாவைத் திருப்பக் கூரையேறி விழுந்த அன்றுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அன்று முறிந்தது கால் மட்டும்தான்.

ஜனவரி 5

தம்பி மகள் வெனிங் வாடகைப் புத்தகக் கடையிலிருந்து ஐந்து மாயக்கதை கொண்டுவந்தாள். ஐந்திலும் ஓர் அநாதை, ஒரு குகை, ஒரு மந்திர மோதிரம். ஐந்தையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு ஸ்பூன் கற்பனை தேறாது.

"புடிக்கலன்னா நீங்களே போய் எடுங்க பெரியப்பா. எலும்பு கூடிடுச்சு, நடங்கன்னு டாக்டர் சொல்லி மூணு வாரமாச்சு."

பதினான்கு படி. அவளுக்கென்ன.

ஜனவரி 6

மழை. கூரையில் பல்லி இரண்டு. எனக்கு அவை பிரஜைகள்.

ஜனவரி 8

மாபெரும் கண்டுபிடிப்பு. படித்ததையே மறுபடி எடுத்துவிடாமலிருக்க, வாடகைக்கு எடுத்துப் படிக்கும் நாங்கள் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு அடையாளம் போடுவோம். என்னுடையது கிரீடம், வேறென்ன இருக்க முடியும். என் வாள் கதையில் பாகம் தவறாமல் யாரோ ஒரு சின்ன நண்டு வரைந்திருக்கிறார். அந்த ஐந்து குப்பையில் ஒன்றில்கூட நண்டு இல்லை.

வெனிங்குக்கு ஆணை: அட்டையைப் பார்க்காதே, நண்டைப் பார்.

ஜனவரி 12

நண்டு வாழ்க. நிலவைத் திருடப் போகும் கப்பலின் கதை. எட்டுப் பாகம் முடித்துவிட்டேன். இடையில் சோறு வந்து போனதாகக் கேள்வி.

ஜனவரி 14

ஒன்பதில் நண்டு இல்லை. எட்டின் முடிவில் சுக்கான் பிடிக்கும் கிழவன் புயலில் தொங்குகிறான். இந்த இடத்தில் எவன் படிப்பதை நிறுத்துவான்? செத்தவன்தான் நிறுத்துவான். ஒன்பதைப் படிக்க மனம் வரவில்லை.

வெனிங் கடைக்கார சுலஸ்த்ரியிடம் விசாரித்து வந்தாள். "நண்டு போடறவர் பேரு ஹந்தோயோ. உசுரோடதான் இருக்காராம். கண்ணு போயிடுச்சு. கடைக்குப் பின்வீடு. அந்தக் கிழவன் பொழச்சானான்னு போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் கேக்கறாராம்."

"நீ போய்ப் படிச்சுக் காட்டேன்."

"எனக்குப் பரீட்சை. உங்க குரல்தான் தெரு முழுக்கக் கேக்குதே, நீங்க போங்க."

ஜனவரி 15

பயமா இருக்கு. அவ்ளோதான். நடுப்படியில கால் மடங்கினா? டாக்டரா வந்து தூக்குவார்? — இந்தப் பல்லிகளோடயே கிடந்துட்டா என்ன? கிடக்க முடியுமா?

ஜனவரி 17

நான்கு படி. திரும்பிவிட்டேன். வெனிங் பார்க்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 20

பதினான்கு. உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். வரலாறு 'நடந்தார்' என்றே எழுதட்டும். பிறகு பெச்சாக் சைக்கிள் ரிக்‌ஷாவில், யானைமேல் போகும் சுல்தானைப் போல.

ஹந்தோயோ ஒல்லியான மனிதர். "குரல் பெரிசா இருக்கே. ஆளும் பெரிசோ?"

"உங்க வாசலை இடிச்சுட்டுத்தான் உள்ள வந்தேன்."

ஒன்பதாம் பாகத்தைப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் கிழவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். என் வாய் என்னைக் கேட்காமலே கிழவனை ஒரு திமிங்கலத்தின் முதுகில் தூக்கி உட்காரவைத்தது. திமிங்கலத்துக்கு மூன்று தலை. மூன்றும் பேசும்.

ஹந்தோயோ கைநீட்டிப் புத்தகத்தைத் தடவினார்.

"இது புத்தகத்துல இல்ல."

"இல்ல."

"சரி. மூணாவது தலை என்ன சொல்லுச்சு?"

நாளைக்கு வந்து சொல்கிறேன் என்றேன்.