தூக்கிச் செல்ல வேண்டியோர் பட்டியல்

செப்டம்பர் 6

அன்புள்ள மகளுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். போனில் என்னைப் பேசி முடிக்க விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

வெள்ள ஒத்திகைக்கு உன் பேரிடர் மீட்பு ஆபீஸிலிருந்து நீ அனுப்பிய பட்டியலைப் பள்ளிக்கூடத்தில் தபால்காரர் சத்தமாக வாசித்தார். தூக்கிச் செல்ல வேண்டியோர்: முதல் ஆள் நான். இரண்டாவது, முதுகில் ஆபரேஷன் செய்து படுத்திருக்கும் தையல்காரம்மா. ஊரே திரும்பி என் காலைப் பார்த்தது. யாரிடமும் கற்காமல், புத்தகத்தைப் பார்த்தே மோட்டார் பிரித்துப் பழகி, இந்த ஊரின் பாதிப் பம்புசெட்டை ஓட வைத்தவன் நான். என்னை நாலு பேர் தூக்குவது ஒரே ஒரு நாள்தான். அதற்கு நீ தேதி குறிக்காதே.

ஒத்திகையன்று ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை. எனக்குப் பதிலாக ஒரு மணல் மூட்டையைத் தூக்கிப்போய்க் கைதட்டினார்களாம். என் பெயரை அடித்துவிடு.

உன் அப்பா

செப்டம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

அடிக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

சைரன் ஒலித்தால் இருபது நிமிடத்தில் ஆறு தெருவுக்குள் வந்துவிடும். வீட்டிலிருந்து மேட்டுப் பள்ளிக்கு நடந்து பார்த்து, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை நம்புகிறேன்.

இன்னொன்று. ஊரில் இருப்பது ஒரு ஸ்ட்ரெச்சர், தூக்க நாலு பேர். நீங்கள் கதவடைத்தால் உங்களை விட்டுப் போக அவர்களுக்கு மனம் வராது. வாசலிலேயே நிற்பார்கள். அங்கே தையல்காரம்மா காத்துக் கிடப்பார். இதைச் சொல்லி முப்பது ஊர்களில் வகுப்பு எடுத்துவிட்டேன். பெற்ற அப்பாவிடம்தான் எடுபடவில்லை.

உங்கள் மகள்

செப்டம்பர் 19

அன்புள்ள மகளுக்கு,

நடந்தேன். இருபத்தாறு நிமிடம். டீக்கடைக்காரன், "என்ன பெரியவரே, ஓட்டப் பந்தயமா?" என்று நிறுத்தியதற்கு ஒன்றைக் கழித்துக்கொள். எனக்குப் பொய் எழுத வராது. அதற்காக மூட்டையாகவும் மாட்டேன். ஆற்றின் சத்தம் மாறினால் உன் சைரனுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

உன் அப்பா

அக்டோபர் 30

அன்புள்ள மகளுக்கு,

ஊருக்குள் வந்த வெள்ளம் பற்றிய உன் அறிக்கையைத் தபால்காரர் காட்டினார். தாமதத்துக்குக் காரணம், முதல் வீட்டின் கதவு ஈரத்தில் ஊறி இறுகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய்.

கதவு இறுகவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சைரன் அடிக்கும்வரை எனக்கு எந்தச் சத்தமும் தெரியவில்லை. வெளியே நாலு பேரும் கெஞ்சினார்கள். கடைசியில் தச்சன் சொன்னான்: "சரி பெரியவரே, நாங்களும் இங்கயே உக்காந்துக்கறோம்." அப்புறம்தான் எழுந்தேன். ஒன்பது நிமிடம். சுவர்க் கடிகாரம் எதிரிலேயே இருந்தது.

என்னை மேட்டில் இறக்கிவிட்டு ஓடினார்கள். தையல்காரம்மாவின் கட்டிலுக்கு மேல் தண்ணீர் போயிருந்தது. தூக்கி வந்தபோது மூச்சு இல்லை.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் அவர் மகன் நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "கதவு இறுகினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க ஐயா, மனசப் போட்டு வருத்திக்காதீங்க" என்றான். நானும் தலையாட்டினேன்.

எனக்காகத்தான் அப்படி எழுதினாய் என்று தெரியும். நன்றி சொல்ல மாட்டேன். இதைத் தபாலில் சேர்த்துவிட்டு அவன் வீட்டுக்குப் போகிறேன். நீ அறிக்கையைத் திருத்து. இனி வகுப்பில் இதைச் சொல்லும்போது, யாரோ ஒரு கிழவர் என்று சொல்லாதே. என் அப்பா என்று சொல்.

அப்பா