கீழ்வீட்டு விளக்கு

மாசி, வளர்பிறை எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை.

இன்று மூடுபனி இறங்கவில்லை. முற்றத்தில் தொலைநோக்கியை வைத்து அரை நிலவைப் படம் எடுத்தேன். பள்ளங்களின் விளிம்பெல்லாம் கத்தியால் கீறியது போல விழுந்திருக்கிறது. ஏழு வருடத்தில் இதுதான் நல்ல படம். பக்கத்தில் நின்று பார்க்கத்தான் ஆள் இல்லை. எரிச்சலாக வருகிறது.

கீழ்வீட்டு வாசல் விளக்கு முழுநேரமும் எரிந்தது. போன மாதம் வரை அங்கே மும்தாஜ் அக்கா இருந்தார். தொலைநோக்கி வாங்கிய முதல் நாளே, "அக்கா, லைட்ட அணைங்க, நிலாவப் படம் எடுக்கணும்" என்று கத்தினேன். அணைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "வெரசாக் காட்டுப்பா, சோலி கெடக்கு" என்று மேலேறி வந்தார். வந்தவர் ஒரு மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. "ஓட்டை ஓட்டையா கெடக்கு, இதுக்கா இம்புட்டுப் பாட்டு எழுதுறாக?" என்றார்.

நிலவுக்கு இருட்டே வேண்டியதில்லை. தெருவிளக்கடியில் நின்றும் எடுக்கலாம். இரண்டாம் மாதமே எனக்கு அது தெரிந்துவிட்டது. இருந்தும் ஏழு வருடமும் கத்திக்கொண்டே இருந்தேன்.

படத்தை அனுப்பியதும் திண்டுக்கல்லில் மகள் வீட்டிலிருந்து அக்கா கூப்பிட்டார்.

"நல்லா வந்திருக்குப்பா. புதுசா வந்தவுக லைட்ட அணைச்சாகளா?"

"அணைச்சாங்கக்கா."

"அப்ப அவுகளுக்கும் காட்டுனியா?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கீழ்வீட்டு விளக்கு இன்னும் எரிகிறது.