யாரும் குளிக்காத இடத்தின் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், மாடி வீட்டைப் பார்த்துப் பிடித்தவன் நான்தானே. உன் அண்ணன் புது வேலையில் சேர்ந்துவிட்டான், மேலதிகாரி சிடுமூஞ்சியாம், நம் வீட்டில் வளர்ந்தவனுக்கு அது பழக்கம்தான் என்று அம்மா சொல்கிறாள். ஃபோனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் என்றால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், அது உனக்கே தெரியும்.

நெடுஞ்சாலை ஓரத்து வளாகம் ஞாபகம் இருக்கிறதா, பெட்ரோல் பங்க், ஆறு கடை, பஸ்ஸெல்லாம் பத்து நிமிஷம் நிற்கிற கழிப்பறை. அந்த செப்டிக் டேங்கிலிருந்து மண்ணில் இறங்குகிற தண்ணீர் நிலத்தடி நீரில் எவ்வளவு நைட்ரேட் சேர்க்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். நீ கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாய், அறிக்கையை டைப் அடித்ததும் நீதான். மீட்டர் படி ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர், அதை வீட்டுக் கழிவுநீருக்கு வழக்கமாக எடுக்கும் அளவோடு பெருக்கினேன், மழைத்தண்ணீரோடு கலந்தால் லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் வந்தது, நைட்ரஜன் கணக்கில் பத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன். நீ டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, அப்பா, பஸ்ல இறங்குறவங்க யாரும் அங்க குளிக்கிறதில்ல, துணி துவைக்கிறதில்ல, அப்புறம் எப்படி வீட்டுக் கணக்கு பொருந்தும் என்று கேட்டாய். வீட்டில் குளிக்கிற தண்ணீரும் துவைக்கிற தண்ணீரும் சேர்ந்து கழிவை நீர்க்க வைக்கும், அங்கே வருவது முழுக்கக் கழிப்பறைத் தண்ணீர், அதில் நைட்ரஜன் மூன்று மடங்கு. இது எனக்குத் தெரியாததில்லை. வளாகத்துக்காரர் அவசரப்படுத்தினார், ஒரு குடியிருப்புக்கு எழுதிய பழைய அறிக்கை கையில் இருந்தது, அதன் மேலேயே எழுதினேன். அதைச் சொல்லாமல், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, நான் முப்பது வருஷமா இதே வேலைய பார்க்கிறேன் என்று உன்னைக் கேலி செய்தேன். யோசித்தால் சுரைக்காயை ஏட்டில் பார்த்தவன் நான்தான். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து மீட்டர் அளவை ஃபோனில் கேட்டு எழுதினவன், நீ அந்த பஸ்ஸில் வந்து அந்தக் கழிப்பறை வரிசையில் நின்றவள். அதற்குப் பிறகு நீ என் மேஜைப் பக்கமே வரவில்லை. படிப்புச் சுமை என்று அம்மாவிடம் சொன்னேன், எனக்கே அது பொய் என்று தெரியும்.

வளாகத்துக்குக் கீழே சரிவில் தையல்கார அம்மா இருக்கிறார்களே, போன வாரம் பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கொடுக்கப் போனேன். அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம், புட்டிப்பால்தான். டாக்டர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார், முடிவு வந்த காகிதத்தை, சார் நீங்கதான் தண்ணி விஷயம் தெரிஞ்சவரு, பார்த்துச் சொல்லுங்க என்று என்னிடமே நீட்டினார்கள். நைட்ரேட், அதே கணக்கில், பதினாறு. பிஞ்சுக் குழந்தையின் ரத்தத்தில் அது பிராணவாயுவை ஓடவிடாமல் உடம்பை நீலமாக்கிவிடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ வேலை பார்ப்பதே தண்ணீர் ஆய்வகத்தில். இதில் இன்னொன்று. குழந்தைக்காயிற்றே என்று அந்த அம்மா தண்ணீரை இரண்டு தடவை சுண்டக் காய்ச்சிப் பால் கலக்கியிருக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணீர் குறையக் குறைய இன்னும் கூடும். பாசத்தில் செய்தது அது. அந்த அறிக்கை கொடுத்த சமயத்தில் பயமில்லாமல் குடிக்கலாமா என்று என்னைக் கேட்டவர்களும் அவர்கள்தான், தாராளமா குடிங்க என்று சொன்னவன் நான்.

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கணக்கு என்னுடையது, தப்பும் என்னுடையது, இன்றைக்கே வேறு தண்ணீருக்கு மாறுங்கள் என்று. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தையல் மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு, குடிக்கலாம்னு சொன்னதும் நீங்க, குடிக்கக் கூடாதுன்னு சொல்றதும் நீங்க, நான் எந்த சாரை நம்புறது என்று மெதுவாகக் கேட்டார்கள். குழந்தையை டாக்டர் பார்த்துவிட்டார், உதட்டில் நீலம் இல்லை, ரத்தத்தில் இன்னும் கெடுதல் இறங்கவில்லையாம், நல்ல வேளை. டேங்கர் தண்ணீருக்கு வளாகத்துக்காரரிடம் நானே போய்ச் சண்டை போட்டு ஏற்பாடு செய்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று அம்மா சமாதானம் சொல்கிறாள். யானை சறுக்கினால் அடியில் நிற்பவர்கள் பாடு என்ன என்று கேட்டேன்.

வளாகத்துக்குக் கொடுத்த அறிக்கை தவறு என்று அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு எழுதியாகிவிட்டது. டைப் அடித்த பெண் அப்போதே கேட்டாள், நான் காது கொடுக்கவில்லை என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன். மன்னிப்பு என்ற வார்த்தை நம் வீட்டில் புழங்கியதில்லை, அதனால் எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். புதுக் கணக்கை நான்கு நாள் அந்தக் கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆட்களை எண்ணிப் போட்டிருக்கிறேன், நாளைக்கு எண்ணூறு பேருக்குக் குறையவில்லை. அதை இதோடு வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் தயவு தாட்சண்யம் இல்லாமல் சிவப்பு மையால் அடித்து அனுப்பு. நீ சரி என்று சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

குளிர் காலம் வருகிறது, காதை மூடாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். கணக்கில் மூன்றாம் பக்கத்தை மறக்காமல் பார், அங்கேதான் எனக்கு இன்னும் சந்தேகம், கேட்க இங்கே ஆள் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா