அவருடைய ஜாக்கிரதை

1946 அக்டோபர் 9

சின்னவனுக்கு இருமல் நிற்கவில்லை. காலையிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா கிருபாநிதிதான் இருந்தார். இவன் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்காமல் போய், கட்டிலின் கால்மாட்டைத் தூக்கிச் செங்கல் வைத்து என்னைப் பிழைக்க வைத்தவர். இனி ஒன்று வேண்டாம், உன் உடம்பு தாங்காது என்று அப்போதே சொல்லியிருந்தார்.

இன்று மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "நீ என்ன செய்யுத செல்லக்கனி?" என்றார்.

எதைக் கேட்கிறார் என்று தெரிந்தது. "அவிய ஜாக்கிரதையா இருக்காவ டாக்டரம்மா."

"ஜாக்கிரதைன்னா?"

இதை எப்படி வாய்விட்டுச் சொல்ல? "கடைசி நேரத்துல விலகிக்கிடுவாவ" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

பேனாவை மூடி வைத்தார். "இங்க வார பொம்பளைங்கள்ல பாதிப்பேரு இதத்தான் சொல்லுதாங்க. அதுல எத்தன பேரு மறுவருசம் வயித்தோட வாராங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். சும்மா இருப்பதற்கு விலகுவது மேல், அவ்வளவுதான். பால் கொடுக்கிற வரைக்கும் தங்காது என்று இருப்பதை நம்ப முடியாது. நாள் பார்த்து ஒதுங்கி இருப்பதும் மாதாமாதம் சீராக வருகிறவளுக்கே சந்தேகம். எனக்கோ எப்போதும் முன்பின். ஆண்கள் போட்டுக்கொள்கிற ரப்பர் உறை இவற்றைவிட நல்லது. பெண்ணுக்கு அளவெடுத்து உள்ளே வைக்கிற ரப்பர் மூடி ஒன்று இருக்கிறதாம். மருந்து தடவி ஒழுங்காக வைத்தால் அதுவும் நல்லது. "எதுவுமே முழுசா நிச்சயம்னு சொல்லமாட்டேன். ஆனா உன் உடம்புக்கு இந்த விலகுத வேல பத்தாது. அவரக் கேட்டுட்டு வா, அளவெடுக்கேன்."

அவரைக் கேட்டுவிட்டு. சாகப்போவது நான், கேட்க வேண்டியது அவரை.

அக்டோபர் 13

தோணி வந்துவிட்டது. அவரும் வந்துவிட்டார். துறைமுகத்து வியாபாரி ஒருவரிடம் வேலை. சரக்கோடு கொழும்புக்குப் போய் ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். கறுத்து, மெலிந்து, உப்புக்காற்று வாசத்தோடு வருவார். பிள்ளைகள் மேலே விழுந்து புரளுகின்றன. நாளைக்குச் சொல்லலாம்.

அக்டோபர் 15

சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"ஏளா, என் மேல நம்பிக்க இல்லியா ஒனக்கு?"

"உங்கள நம்புதேன். அந்த வழியத்தான் நம்பல."

"சின்னவன் பொறந்து இந்நா வரைக்கும் ஒண்ணும் இல்லல்லா? எல்லாம் நான் பாத்துக்கிடுததுனாலதான். நயினார் அண்ணாச்சியும் இப்பிடித்தான் இருக்காரு. அவரு வீட்டுல ஏதாவது உண்டுமா?"

நயினார் அண்ணாச்சி கூட வேலை பார்க்கிறவர். அவருடைய மனைவிக்கு ஏன் உண்டாகவில்லை என்று இவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு ஆண்கள் தோணித்தட்டில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே என் உயிருக்கு உத்தரவாதம் எழுதியிருக்கிறார்கள்.

பிள்ளை பெறும் வலியை நான் பார்த்துக்கொள்வேனாம். மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம்.

அக்டோபர் 16

பேச்சு இல்லை. ரசத்துக்கு உப்பு போடாமலே இறக்கினேன். குடித்துவிட்டு எழுந்து போனார். அதிலும் ஒரு திருப்தி இல்லை.

அக்டோபர் 28

மறுபடியும் கொழும்பு. கிளம்பும்போது கேட்டேன். உலக யுத்தத்துக்கு வந்த பட்டாளம் விட்டுப்போன சாமானெல்லாம் அங்கே கடைகளில் குவிந்து கிடக்கிறது என்று இவர்தானே சொன்னார்? அந்த ரப்பர் உறையும் கிடைக்கும். அங்கே இவரை யாருக்குத் தெரியும்? வாங்கி வாருங்கள், எனக்காக.

தலையை ஆட்டினார். ஆட்டினாரா, சட்டைப் பித்தானைப் பார்த்தாரா, தெரியவில்லை.

நவம்பர் 17

வந்தார். பிள்ளைகளுக்கு ஒரு டின் பிஸ்கட். எனக்கு மஸ்லின் துணி. அவருடைய அக்கா பகவதி மைனிக்குப் பவுடர் டப்பா.

"நான் கேட்டது?"

"கடையில ஆளு நின்னாவ."

கடை என்றால் ஆள் நிற்கத்தான் செய்வார்கள்! கப்பல் அதிகாரியிடம், சுங்கத்துக்காரனிடம், தமிழ் தெரியாத சிங்களவனிடம் என்று எல்லோரிடமும் பேசி மூடைகளை இறக்கி வருகிற மனுஷனுக்கு இந்த ஒரு வார்த்தைக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. எனக்கு வர வேண்டியது இன்னும் வரவில்லை. எனக்கு எப்போதும் முன்பின்தானே. இருக்கட்டும்.

டிசம்பர் 5

இனிமேல் இல்லை என்று சொல்ல முடியாது. கருப்பட்டி காப்பி வாசம் பட்டதுமே குடலைப் பிரட்டுகிறது. மூன்று பிள்ளைக்காரிக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டாம்.

அவரிடம் சொன்னேன். பயப்படுவார், கையைப் பிடித்துக்கொள்வார், இப்போது என்ன செய்ய என்று கேட்பார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சரக்கில் ஒரு மூடை குறைந்தால் யோசிப்பாரே, அப்படி.

"நான் ஜாக்கிரதையாத்தான இருந்தேன். பின்ன எப்பிடி?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டேன்.

டிசம்பர் 6

செந்தூர்பாண்டி. செந்தூர்பாண்டி. செந்தூர்பாண்டி.

புருஷன் பேரைப் பெண்டாட்டி எழுதக் கூடாதாம். எழுதியாச்சு.

என்ன கேள்வி கேட்டுட்டாரு! பின்ன எப்பிடியாம்! இந்த வீட்டுல எந்நேரமும் மூணு பிள்ளையளும் என் சேலையப் பிடிச்சிக்கிட்டுத்தான கிடக்கு? ரேஷன் அரிசிக்கு நிக்கேன், தண்ணிக்கு நிக்கேன், அடுப்புல வேகுதேன் — இதுக்கு நடுவுல எவன்கிட்ட போனேன்னு நெனைக்காரு? தன் ஜாக்கிரதையில ஓட்ட இருக்கும்னு மட்டும் அவருக்குத் தோணல. என்கிட்ட இருக்கும்னு தோணிச்சு. அது மட்டும் ஒடனே தோணிச்சு.

டிசம்பர் 11

பகவதி மைனி வந்தாள். அடுத்த தெருதான். தம்பி ஏதோ சொல்லியிருக்கிறார்.

"தம்பி அப்பிடிச் சொல்லுதான்... பின்ன எப்பிடி ஏளா?"

அதே வார்த்தை. குடும்பமே சேர்ந்து மனப்பாடம் செய்திருக்கிறது.

"உங்க தம்பிகிட்டயே கேளுங்க மைனி. அவியதான் எல்லாம் பாத்துக்கிடுதேன்னு சொன்னாவ."

பவுடர் மணக்க எழுந்து போனாள்.

டிசம்பர் 22

உடன்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா? பெட்டியில் துணிகூட எடுத்து வைத்தேன். போனால் அவர் கேட்டது நிஜம் என்றாகிவிடும். துணியைத் திரும்பக் கொடியில் போட்டேன். மடிப்புக் கலையாத துணியைக் கொடியில் பார்த்துவிட்டு மூத்தவன், ஏன்மா மறுபடியும் துவைத்தாய் என்று கேட்கிறான்.

1947 ஜனவரி 8

இன்று அவரை ஆஸ்பத்திரிக்கு வரவைத்தேன். "நீங்க வரலன்னா, நீங்க கேட்டத அப்பிடியே டாக்டரம்மாகிட்ட சொல்லுவேன்" என்றேன். வந்தார். வந்த பிறகும் சொன்னேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அவரை உட்காரச் சொன்னார். அவர் நின்றார்.

"நீங்க ஜாக்கிரதையா இருந்தது பொய்யின்னு நான் சொல்லல. அந்த ஜாக்கிரதை பத்தாதுன்னு சொல்லுதேன்."

"ஒரு தடவகூட நான் தவறல டாக்டரம்மா."

"நீங்க தவறாமலே இது தவறும். நீங்க விலகுததுக்கு முன்னாலேயே, உங்களுக்கே தெரியாம, கொஞ்சம் கசிஞ்சிரும். பிள்ளை உண்டாக அது போதும். சில நாளு ஒரு நொடி பிந்திரும். அதுவும் உங்களுக்குத் தெரியாது."

"இத்தன நாளு ஒண்ணும் ஆகலியே?"

"அது உங்க சாமர்த்தியம் இல்ல. இவ பால் குடுத்துக்கிட்டு இருந்தா, அது கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கும். மத்தது அதிர்ஷ்டம்."

அவர் முகத்தைப் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் பாவமாக இருந்திருக்கும்.

"மூடைக் கணக்குல நான் ஒண்ணுகூட விட்டதில்ல" என்றார், மெதுவாக, யாரிடம் என்றே தெரியாமல்.

"இது மூடை இல்ல அண்ணாச்சி. இவளுக்கு இந்தப் பிரசவம் லேசா இருக்காது. அதுக்குப் பயப்படுங்க. மத்ததுக்கு இவளக் கேள்வி கேக்காதிய."

வழியெல்லாம் இரண்டடி பின்னாலேயே வந்தார். மீன் கடைகளைத் தாண்டும்போது "ஏளா" என்றார். நான் திரும்பவில்லை.

மார்ச் 3

மாதுளம்பழம் வருகிறது. ஆட்டு ஈரல் வருகிறது. தண்ணீர்க் குடத்தை அவரே தூக்குகிறார், தெருவே பார்க்கிறது. தப்பாகக் கேட்டுவிட்டேன் என்ற வார்த்தை மட்டும் வர மாட்டேன் என்கிறது. அதற்கும் கடையில் ஆள் நிற்கிறார்களோ?

பழத்தைச் சாப்பிடுகிறேன். பிள்ளைக்காக.

மே 26

காற்று திரும்பிவிட்டது, தோணிகளெல்லாம் கரையேறிவிட்டன. இனி இரண்டு மூன்று மாதம் அவர் வீட்டில்தான். கால் வீங்கியிருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 21

படுத்தபடியே எழுதுகிறேன். பெண். முந்தாநாள். மறுபடியும் ரத்தம், மறுபடியும் செங்கல். டாக்டரம்மா என் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு "தூங்காத, கண்ணத் தொற" என்று கத்தியது மட்டும் நினைவு இருக்கிறது.

அவர் வெளியே சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றாராம். ஆயா சொன்னாள். முட்டட்டும்.

ஆகஸ்ட் 17

ஊரெல்லாம் இன்னும் கொடியும் தோரணமும். மூத்தவன் சட்டையில் குத்திய கொடியோடேயே தூங்குகிறான். எனக்கு எழுந்து நடக்க இப்போதுதான் தெம்பு வந்திருக்கிறது.

பகவதி மைனி இன்றுதான் பிள்ளையைப் பார்க்க வந்தாள். மடியில் போட்டு, வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி மூக்கு! அப்பிடியே தம்பி மூக்குதான்!"

எனக்கு விடுதலை கொடுத்தாயிற்று. பிறந்து ஒரு மாதம் ஆகாத மூக்கு வந்து எனக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் அவர் எழுந்து வந்து பிள்ளையை மைனி மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"மூக்கப் பாக்காத அக்கா. மூக்கு யாரப் போல இருந்தாலும் எம்பிள்ளதான். நான் இவளக் கேட்டது தப்பு. ஒன்கிட்ட வந்து சொன்னது அதவிடத் தப்பு."

மைனி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். என்னிடம் தனியாகச் சொல்ல எட்டு மாதமாக முடியாததை அக்கா முன்னால் சொல்கிறார். இந்த மனுஷனை என்னதான் செய்ய?

உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

அக்டோபர் 4

ரப்பர் மூடிக்கு அளவெடுக்கப் போனேன். நானும் வருகிறேன் என்றார். பெஞ்சு நிறையப் பெண்கள், நடுவில் ஒரே ஆண், மடியில் பிள்ளையோடு. வெளியே நில்லுங்கள் என்று ஆயா சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

டாக்டரம்மா அளவெடுத்தார், எப்படி வைப்பது, எப்படிக் கழுவுவது என்று காட்டினார். முதல் தடவை என் கையிலிருந்து வழுக்கி அறை மூலைக்கு ஓடிவிட்டது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"இதுவும் தவறுமா டாக்டரம்மா?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்தவில்லை. பெஞ்சு முழுக்கக் கேட்டிருக்கும்.

"தவறலாம். எப்பவாவது. நீங்க செஞ்சதவிட ரொம்பக் கொறச்சல்."

அவர் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, சத்தியம் செய்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். "தவறினாலும் நான் இவள ஒண்ணும் கேக்க மாட்டேன்."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரியா வைக்கியான்னு ஒரு தடவ பாக்கணும். அடுத்த வாரம் என்னைக்கு வார, செல்லக்கனி?" என்றார்.

அவரைக் கேட்காமலே, "வெள்ளிக்கெழம" என்றேன்.